இடது காலுக்குத் தனி அளவு

வேலை இடத்தில் தம்பிக்குக் கொக்கு என்று பெயர். ஆறடி இரண்டங்குல உயரம். அதில் முக்கால்வாசி கால். பதினான்கு வருடமாகக் கட்டுமான இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுகிறவன். கிரேன் ஓட்டக் கால் தேவையில்லை. இரண்டு கைப்பிடி, இரண்டு கண், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும். ஆனால் அந்தக் கைப்பிடிகளிடம் போய்ச் சேர இருநூற்றுப் பன்னிரண்டு படி இரும்பு ஏணி ஏற வேண்டும். காலையில் ஏறினால் வேலை முடிந்துதான் இறங்குவான். மதியச் சாப்பாடும் மேலேயேதான். "ஏறினவன் எறங்குறதுக்கு ஒரு காரணம் வேணும்ல அக்கா?" என்பான்.

அக்கா அவனைவிடப் பதினோரு வயது மூத்தவள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுத் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, இரும்புச் சாமான் கடைக்கும் சாவிக் கடைக்கும் நடுவில் அவள் கடை. தொழிற்சாலைச் சீருடைகளும் வேலைக்குப் போகிறவர்களின் கால்சட்டைகளும்தான் அவளுக்குச் சோறு போட்டன. தம்பியின் கால்சட்டை எல்லாம் அவள் தைத்ததுதான். கடையில் விற்கிற எதைப் போட்டாலும் அவனுக்குக் கணுக்காலுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிடும்.

அவள் கடையில் ஒரு நோட்டு உண்டு. ஆளுக்கு ஒரு பக்கம். அளவு, தேதி, அந்தத் துணியில் பின்னால் செய்த ஒட்டு, பிரிப்பு, எல்லாம் அதில் இருக்கும். பேனாவால்தான் எழுதுவாள். தப்பாக எழுதிவிட்டால் அழிக்க மாட்டாள். ஒரு கோடு கிழித்துப் பக்கத்தில் சரியானதை எழுதுவாள். "இவ்வளவு நுணுக்கம் பார்த்தா எப்ப தைச்சு முடிப்ப?" என்று சாவிக் கடைக்காரர் கேலி செய்வார். "நீங்க மட்டும் சாவியைக் குத்துமதிப்பாவா அறுக்கிறீங்க?" என்பாள்.

அந்த நோட்டில் ஒரு குறை இருந்தது. அது அவளுடைய குறை மட்டுமல்ல, தொழிலுக்கே உள்ள குறை. தையல்காரர்கள் தொடையளவை ஒரு காலில்தான் எடுப்பார்கள். துணியை இரண்டாக மடித்துப் போட்டு, இரண்டு காலையும் ஒரே வெட்டில் வெட்டுவார்கள். ஆண்டவனும் மனிதக் காலை மடித்துப் போட்டுத்தான் வெட்டியிருக்கிறான் என்பது அவர்கள் நம்பிக்கை. அக்கா எப்போதும் வலது காலில் எடுப்பாள்.

பிப்ரவரி மாதம் ஒரு நாள் தம்பி கால்சட்டையைக் கொண்டுவந்து மேசைமேல் போட்டான்.

"தொடையில பிடிக்குதுக்கா. ஏணியில கால் தூக்கும்போது தையல் விட்டுடுமோன்னு இருக்கு."

அக்கா நாடாவை எடுத்து வலது தொடையைச் சுற்றினாள். இருபத்தொன்று. நோட்டில் ஐந்து வருடமாக இருக்கிற அதே இருபத்தொன்று.

"நீ அப்படியேதான்டா இருக்க. துணி சுருங்கியிருக்கு. உன் பொண்டாட்டிகிட்ட வெந்நீர்ல ஊற வைக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

"ஏணி ஏறி ஏறிச் சதை போட்டிருக்குன்னு சொல்ல உனக்கு மனசு வராதே."

அவள் இரண்டு காலிலும் அரை அங்குலம் பிரித்துவிட்டாள். நோட்டில் தேதியோடு எழுதினாள்: தொடை இறுக்கம், அரை அங்குலம் விட்டது. ஏப்ரலில் மறுபடி வந்தான். மறுபடி வலது தொடை, மறுபடி இருபத்தொன்று. துணி விற்றவனை வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு இன்னும் முக்கால் அங்குலம் விட்டாள். அதையும் எழுதினாள். உள்ளே மடித்து வைத்திருந்த துணி அதோடு தீர்ந்துபோயிற்று.

ஜூன் பதினொன்றாம் தேதி மூன்றாவது முறை வந்தபோது, கடையில் ஒரு தொழிற்சாலையின் சீருடைத் துணிக்கட்டுகள் மலைபோல் குவிந்து கிடந்தன. அவனுடைய வலது பக்கம் போக வழியில்லை. அதனால் நின்ற இடத்திலிருந்தே இடது தொடையில் நாடாவைப் போட்டாள். இருபத்து மூன்றே கால். நாடா புரண்டிருக்கும் என்று மறுபடி எடுத்தாள். அதே இருபத்து மூன்றே கால். கட்டுகளைக் காலால் தள்ளிவிட்டு வலது தொடையை அளந்தாள். இருபத்தொன்று.

அக்கா நாடாவைக் கீழே போட்டுவிட்டு இடது தொடையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். தொடையின் முன்பக்கம், சதைக்கு அடியில், ஆழத்தில் ஏதோ ஒன்று கெட்டியாக, அசையாமல் இருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்லையே. வலிச்சா சொல்ல மாட்டேனா?"

"எத்தனை நாளா இருக்கு?"

"தெரியலக்கா. அங்க எவன் தொட்டுப் பார்த்தான்?"

அன்றே கடையைப் பூட்டினாள். தெருக்கோடியில் சின்ன மருத்துவமனை வைத்திருந்த டாக்டர் அமுக்கிப் பார்த்தார். "பெரும்பாலும் கொழுப்புக் கட்டியாத்தான் இருக்கும். நாளைக்குக் காலையில வாங்க. மரத்துப்போக ஊசி போட்டு இங்கேயே எடுத்துடலாம்," என்றார். தம்பிக்கு வாயெல்லாம் பல். ஒரு நாள் லீவு போதுமா என்று கேட்டான். அக்காதான் கைப்பையிலிருந்து நோட்டை எடுத்து அவர் முன்னால் விரித்தாள்.

"டாக்டர், இதை ஒரு தடவை பார்த்துடுங்க. பிப்ரவரியில அரை அங்குலம் விட்டேன். ஏப்ரல்ல முக்கால். இன்னிக்கு ரெண்டேகால் வித்தியாசம் காட்டுது. மத்தக் கால் அப்படியே இருக்கு."

அவர் அந்தப் பக்கத்தை ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"அம்மா, நான் இதைத் தொடக் கூடாது," என்றார். "ஆழத்துல இருக்கு. பெருசா இருக்கு. அதுக்கு மேல, வேகமா வளருது. இந்த மூணும் சேர்ந்தா, என்னன்னு தெரியாம யாரும் கத்தி வைக்கக் கூடாது. வச்சா உள்ள இருக்கிறதை நாமே நாலா பக்கமும் பரப்பி விட்ட மாதிரி ஆயிடும்." இதற்கென்றே இருக்கிற பெரிய மருத்துவமனைக்கு அவரே கடிதம் எழுதிக் கொடுத்து, அவரே தொலைபேசியில் பேசி நாளும் வாங்கினார். வாசல்வரை வந்து, "அந்த நோட்டைப் பத்திரமா எடுத்துட்டுப் போங்க," என்றார்.

பெரிய மருத்துவமனையின் டாக்டரம்மா தம்பியின் மார்பு உயரம்கூட இருக்க மாட்டார். கட்டிலில் அவன் கால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துச் சிரித்தார். படங்கள் எடுத்தார்கள்: காலைப் பெரிய காந்தக் குழாய்க்குள் விட்டு ஒன்று, நெஞ்சுக்கு ஒன்று. இந்த நோய் நகர்ந்தால் முதலில் போகிற இடம் நுரையீரல் என்பதால் நெஞ்சுப் படம். அது சுத்தமாக இருந்தது. அடுத்து ஊசியால் குத்திச் சதைத் துணுக்கு எடுக்க வேண்டும். டாக்டரம்மா பேனாவால் தொடையில் நெடுக ஒரு மெல்லிய கோடு போட்டார். அந்தக் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி வைத்தார்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "டாக்டரம்மா, கோடு எதுக்கு? ஊசி குத்தப் புள்ளி போதுமே?"

"பின்னாடி ஒரு நாள் அறுவை செய்ய வேண்டியிருந்தா இந்தக் கோட்டுலதான் வெட்டுவேன். ஊசி போன பாதையில ஒண்ணு ரெண்டு கெட்ட அணு ஒட்டியிருக்கலாம். அந்தப் பாதையையும் சேர்த்து வெட்டி எடுக்கணும். அதனால வெட்டப் போற இடத்தை முதல்ல முடிவு பண்ணிட்டுத்தான் குத்துற இடத்தை முடிவு பண்ணுவோம்."

என்ன நோய் என்றே இன்னும் தெரியாது. அதற்குள் கடைசி வெட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு முதல் ஊசியைக் குத்துகிறார்கள். நாற்பது வருடமாகத் துணியில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுகிறவளுக்கு மெய் சிலிர்த்தது.

பத்து நாளில் விடை வந்தது. சதையில் வருகிற புற்று. சார்கோமா என்று பெயர். அது வயதானவர்களுக்கும் வரும், நாற்பது வயதுக்காரனுக்கும் வரும், ஏன் வருகிறது என்று பெரும்பாலும் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தம்பியின் மனைவி ஒரு சலவைக் கடையில் வேலை செய்கிறவள். அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "வெந்நீர்ல ஊற வச்சதுனாலயா டாக்டரம்மா?" என்று நிஜமாகவே கேட்டாள். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"நான் சொன்னதெல்லாம் மறந்துடும்மா," என்றாள். "தப்பு என்னோடது. நாலு மாசம் ஒரு காலையே அளந்துட்டு இருந்தேன்."

டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். "நாலு மாசம் நாலு மாசம்தான். அதனால ஒண்ணும் ஆகலைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஆனா இதை எழுதி வச்சிருக்கலைன்னா மறுநாளே அங்க அதைக் கிளறி எடுத்திருப்பாங்க. அப்படி வர்றவங்களுக்கு என் வேலை ரெண்டு மடங்கு. எனக்கு இது சுத்தமான காலா வந்திருக்கு."

அந்த 'சுத்தமான கால்' தம்பிக்கு நிம்மதியாக இருந்தது, அக்காவுக்கு இல்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் மனதில் இருந்ததைப் போட்டு உடைத்தாள்.

"காலையே எடுத்துடச் சொல்லுடா. வேரோட போயிடும். உயிர் இருந்தா போதும். நான் உட்கார்ந்த இடத்துல தைச்சு உன்னைக் காப்பாத்துவேன்."

தம்பி முகம் சிவந்தது. அவன் அக்காவிடம் குரல் உயர்த்தியதை அவன் மனைவி அதற்குமுன் பார்த்ததில்லை.

"உன் கத்தரிக்கோலை உன் கடையோட வச்சுக்கக்கா. இது என் கால். துணி இல்ல."

இரண்டு நாள் பேச்சில்லை. மூன்றாம் நாள் அக்காவே அவனை இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போய், அவன் எதிரிலேயே கேட்டாள். முழுக் காலையும் எடுத்தால் பிழைக்கிற வாய்ப்பு கூடுமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்கள்.

"நியாயமான கேள்வி," என்றார் டாக்டரம்மா. "ஒரு காலத்துல எல்லாருக்கும் காலைத்தான் எடுத்தாங்க. அப்புறம் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கட்டியைச் சுத்தி நல்ல சதையோட முழுசா எடுத்து, கதிர் சிகிச்சையும் கொடுத்தா, காலை எடுத்தவங்களும் காலை வச்சுக்கிட்டவங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் பிழைக்கிறாங்க. நமக்குப் பயம் நுரையீரலைப் பத்தி. காலை எடுக்கிறதால அந்தப் பயம் குறையாது. இப்ப இங்க வர்ற பத்துப் பேர்ல ஒன்பது பேருக்குக் கால் தப்பிக்குது."

"அந்தப் பத்தாவது ஆள்?" என்றான் தம்பி.

"உங்க கட்டி காலுக்கு ரத்தம் கொண்டுபோற பெரிய குழாயை ஒட்டி உட்கார்ந்திருக்கு. குழாயை மாத்திடலாம். பெரிய நரம்பையும் சேர்த்துச் சுத்தியிருந்தாத்தான் கஷ்டம். படத்துல அப்படித் தெரியலை. உள்ள போய்ப் பார்த்தாத்தான் உறுதி. அதனால நீங்க போடுற கையெழுத்துல அதுவும் இருக்கும்."

"பேரு கொக்குன்னு வச்சுட்டாங்க டாக்டரம்மா. அதுக்காக ஒத்தைக் கால்ல நிக்க வச்சுடாதீங்க."

டாக்டரம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் அதற்குப்பிறகு காலை எடுக்கச் சொல்லி அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

முதலில் கதிர். வாரத்தில் ஐந்து நாளாக ஐந்து வாரம். தம்பியின் காலுக்கென்றே ஒரு அச்சுத் தொட்டில் வார்த்தார்கள். தினமும் கால் அதே இடத்தில், அதே கோணத்தில் படுக்க வேண்டும். தோலில் கடுகளவு மூன்று புள்ளி பச்சை குத்தினார்கள். சுவரிலிருந்து வரும் சிவப்பு வெளிச்சக் கோடுகள் மூன்றும் அந்த மூன்று புள்ளிகளில் விழுந்தால்தான் மெஷின் ஓடும். அக்கா ஒருநாள் கூடப் போனாள். மெஷின் ஓட்டுகிற பெண், "தொடையைச் சுத்தி முழுசும் கதிர் படாதும்மா. ஒரு ஓரமா ஒரு பட்டை சதையை விட்டுடுவோம். கீழ இருந்து நீர் ஏற வழி வேணும்ல, இல்லைன்னா கால் வீங்கிடும்," என்றாள். கண்ணுக்கே தெரியாத ஒன்றை இவர்கள் இவ்வளவு சுத்தமாக வெட்டுகிறார்களே என்று அக்கா வீடு வரும்வரை பேருந்தில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள்.

கதிர் முடிந்து தோல் ஆற ஐந்து வாரம் விட்டார்கள். அறுவைக்கு முதல்நாள் டாக்டரம்மா ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். நடுவில் கட்டி. அதைச் சுற்றி ஒரு பெரிய வட்டம்.

"நான் இந்த வெளி வட்டத்துல வெட்டுவேன். கட்டியைச் சுத்தி நல்ல சதை ஒரு போர்வை மாதிரி மூடியிருக்கணும். சரியா செஞ்சா நாளைக்கு முழுக்க நான் அந்தக் கட்டியைக் கண்ணாலயே பார்க்க மாட்டேன். பார்த்தேன்னா, தப்பு பண்ணிட்டேன்னு அர்த்தம்."

அக்கா அந்த வட்டத்தின் மேல் விரலை வைத்தாள். "பார்க்காமயே எடுப்பீங்களா?"

"பார்க்காமயே."

ரத்தக் குழாயைப் பற்றியும் சொன்னார். கெட்டுப்போன குழாய்த் துண்டை வெட்டிவிட்டு, வலது காலின் தோலுக்கடியில் ஓடும் இன்னொரு குழாயை எடுத்து அந்த இடத்தில் தைப்பார்களாம். "அதைத் தலைகீழாத் திருப்பி வைப்போம். அந்தக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவுகள் இருக்கு. ஒரு பக்கமாத்தான் திறக்கும். திருப்பாம வச்சா ரத்தம் போகாம நின்னுடும்."

"வெல்வெட்டு மாதிரி," என்றாள் அக்கா. அவளையும் அறியாமல் வந்துவிட்டது. "அதுல ரோமம் ஒரு பக்கமாத்தான் படியும். திருப்பி வெட்டினா ஒரு கால் ஒரு நிறமும் இன்னொரு கால் இன்னொரு நிறமும் காட்டும்."

டாக்டரம்மா அவளை நிமிர்ந்து பார்த்தார். "இதை நான் மாணவர்களுக்குச் சொல்லப் போறேன்," என்றார்.

"தையல் எதுல போடுவீங்க?"

"முடியைவிட மெல்லிசான நூல். கண்ணுல பெரிசாக்குற கண்ணாடி மாட்டிக்குவோம்."

அக்கா அந்தக் கைகளைப் பார்த்தாள். சின்னக் கைகள். நகம் ஒட்ட வெட்டியிருந்தது. தன் மெஷினில் இருக்கிற ஊசி அத்தனையும் அந்த விரல்களுக்கு முன்னால் கடப்பாறை என்று தோன்றியது.

மறுநாள் காலை ஏழரைக்குத் தம்பியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடுகிறவரை அவன் அக்காவைப் பார்த்துக் கையை வட்டமாகச் சுற்றிக்கொண்டே போனான். பாரம் மெதுவாக மேலே வரட்டும் என்பதற்குக் கிரேன்காரர்கள் காட்டுகிற சைகை அது. அக்கா காத்திருப்போர் அறையில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பொத்தான் துளை கட்ட ஆரம்பித்தாள். கை சும்மா இருந்தால் மனசு கண்டபடி ஓடும். பத்து மணிக்குள் மூன்று சட்டை முடிந்தது. பன்னிரண்டு மணிக்குத் தம்பி மனைவி ஒரு துளையைத் தொட்டுப் பார்த்து, "அக்கா, இந்தப் பக்கம் பொத்தானும் இல்ல, ஒண்ணும் இல்லையே," என்றாள். முதுகுப் பக்கத்தில் வரிசையாக ஐந்து துளை கட்டியிருந்தாள். இருவரும் அதைப் பார்த்தார்கள். சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே தம்பி மனைவி அழுதுவிட்டாள்.

நாலரை மணிக்குக் கதவு திறந்தது. ஒன்பது மணி நேரம் நின்ற களைப்பில் டாக்டரம்மா சுவரில் சாய்ந்து நின்றுதான் பேசினார்.

"கால் இருக்கு. நரம்பு தனியா இருந்துச்சு. அதை நூலால தூக்கி ஓரமா வச்சுட்டு வேலை செஞ்சோம். குழாயை மாத்தியாச்சு. தொடையில முன்பக்கம் நாலு சதை இருக்கும், அதுல ரெண்டை எடுத்துட்டேன். மிச்சம் ரெண்டும் வேலை கத்துக்கணும்."

அக்காவுக்குக் கேட்க ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. "பார்த்தீங்களா அதை?"

டாக்டரம்மாவுக்குப் புரிந்தது. முகமூடியைக் கழற்றினார். "பார்க்கலை," என்றார்.

கண்காணிப்பு அறையில் போர்வையின் கால்மாட்டில் இரண்டு மேடு தெரிந்தது. அக்கா வாசலிலேயே நின்று அதை இரண்டு தரம் எண்ணினாள். செவிலியர் பேனா போன்ற ஒரு கருவியை எடுத்து, பசை தடவி, தம்பியின் இடது பாதத்தின் மேல் வைத்தார். அதிலிருந்து சத்தம் வந்தது: ஷ்ஷூ... ஷ்ஷூ... ஷ்ஷூ... மூடிய குழாய்க்குள் தண்ணீர் துள்ளித் துள்ளிப் போவதுபோல.

"என்னம்மா இது?"

"ரத்தம். புதுக் குழாய் வழியா பாதத்துக்குப் போறது. மணிக்கு ஒரு தடவை கேட்டுப் பார்ப்போம்."

நேற்றுவரை வலது காலில் கிடந்த குழாய். திருப்பி வைத்திருக்கிறார்கள். இன்று இடது காலுக்குப் பாய்ச்சுகிறது. அக்கா கையைக் கூப்பினாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. மயக்கம் முழுதும் தெளியாத தம்பி ஒரு கண்ணைத் திறந்து, "அக்கா, எண்ணிப் பார்த்துட்டியா?" என்றான்.

வெட்டி எடுத்த சதையை இன்னொரு அறைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் வெளிப்பக்கம் முழுக்க மை தடவி, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒவ்வொரு நிறம் கொடுத்து, மெல்லிய சீவல்களாகச் சீவி நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துப் பார்ப்பார்களாம். கெட்ட அணு எங்கேயாவது மையைத் தொட்டிருந்தால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று பொருள். இரண்டு வாரம் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. முடிவு வந்த அன்று டாக்டரம்மா தாளைத் திருப்பி அவளிடமே காட்டினார். எந்த நிறத்து மையையும் எதுவும் தொடவில்லை.

அதோடு முடிந்துவிடவில்லை. கதிர் பட்ட தோல் லேசில் ஆறாது. தையலின் ஒரு முனை வாய் திறந்து, மூடி, மறுபடி திறந்து, இரண்டு மாதம் பாடாய்ப் படுத்தியது. காயத்தில் போட்ட கட்டை நீண்ட நாள் நனைய விடவில்லை. பிறகு பயிற்சி அறை. பயிற்சி கொடுத்தவர் தொந்தியும் தொப்பையுமான மனிதர். அவர் ஐந்து படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

"நாலு பேர் தள்ளின வண்டியை இனி ரெண்டு பேர் தள்ளணும் சார். அவங்களுக்குக் கொஞ்சம் சம்பள உயர்வு கொடுங்க," என்று தொடையைத் தட்டுவார்.

மூட்டு மடங்கி மடங்கி விழுந்தான் தம்பி. சமதரையில் பரவாயில்லை, படி இறங்கும்போதுதான் கால் பேச்சைக் கேட்கவில்லை. "ஏறும்போது நல்ல கால் முன்னால, எறங்கும்போது வைத்தியம் பண்ணின கால் முன்னால," என்று பயிற்சிக்காரர் ஆயிரம் தரம் சொன்னார். பதினான்கு வருடமாக இடது காலை முதலில் தூக்கி வைத்துப் பழகியவன் அவன். ஒருநாள் பயிற்சிப் படியின் உச்சியில் உட்கார்ந்துவிட்டான்.

"போதும்க்கா. கால் இருக்குல்ல, நடக்குறேன்ல, இது போதும். கீழேயே ஏதாவது வேலை கொடுப்பாங்க."

அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து நாடாவை எடுத்தாள். வலது இருபத்தொன்று. இடது பதினெட்டரை.

"போன மாசம் பதினெட்டு. ஒரே மாசத்துல அரை அங்குலம்டா. இல்லாத சதையை முளைக்க வச்சிருக்க. நான் நாற்பது வருஷமா அளவு எடுக்கிறேன், அம்பது பக்கத்துல ஒருத்தருக்கும் இப்படி எழுதினதில்ல." நோட்டைக் காட்டினாள். தேதி, வலது, இடது. தேதி, வலது, இடது. "கீழ வேலை வேணும்னா பாரு. ஆனா முடியலைன்னு மட்டும் சொல்லாத. நோட்டுல அப்படி இல்ல."

அவன் வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். எழுந்தான். இடது காலை முன்னால் வைத்து இறங்கினான்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சுப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஐந்து முறை சுத்தம். இன்னும் பல வருடம் எடுக்க வேண்டும். டாக்டரம்மா ஒருநாளும் 'முடிந்தது' என்று சொன்னதில்லை. 'இன்னிக்குச் சுத்தம்' என்றுதான் சொல்வார்.

அறுவை முடிந்து பதினாறு மாதம் கழித்து, நிறுவனத்தின் டாக்டர் அவனை ஏறச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அந்த வாரம் அக்கா அவனுக்குப் புதுக் கால்சட்டை வெட்டினாள். வாழ்க்கையில் முதல்முறையாகத் துணியை மடிக்காமல் விரித்துப் போட்டாள். வலது காலுக்கு ஒரு வெட்டு, இடது காலுக்கு ஒரு வெட்டு. இடது தொடை பத்தொன்பதேகால். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது என்று உள்ளே ஒரு மெல்லிய துணி கொடுத்து எடுப்பாக நிறுத்தினாள். தழும்பின் மேல் தையல் உரசாமல் இருக்க, உட்பக்கத் தையலை அரை அங்குலம் பின்னால் தள்ளினாள். முழுதாக இரண்டு நாள் பிடித்தது. இப்போது யார் வந்தாலும் இரண்டு தொடையையும் அளக்கிறாள். "என்னம்மா, ஒரு கால்மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஆட்கள் கேட்பார்கள். "பேசாம நில்லுங்க," என்பாள்.

திங்கட்கிழமை காலை கட்டுமான இடத்தின் வேலிக்கு வெளியே வந்து நின்றாள். மேற்பார்வையாளர் அடையாளம் கண்டு வந்தார். தம்பியோடு பத்து வருடம் வேலை செய்தவர். இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி தொங்கியது.

"நம்ம கொக்குக்கு எந்தக் கால்மா? என்கிட்டயும் சொல்ல மாட்டேங்கறான். நடையிலயும் தெரியலை."

"நீங்களே கண்டுபிடிங்க," என்றாள் அக்கா. உச்சி குளிர்ந்துபோயிருந்தது அவளுக்கு.

தம்பி ஏணியில் கையை வைத்தான். வலது கால். இடது காலை இழுத்துப் பக்கத்தில் வைத்தான். மறுபடி வலது கால். ஏணியின் நடுநடுவே இருந்த ஒவ்வொரு தட்டிலும் நின்று மூச்சு விட்டான். முன்பெல்லாம் ஏழு நிமிடத்தில் போய்விடுவானாம். அக்கா தட்டுகளை எண்ணினாள். நாலாவது தட்டில் ரொம்ப நேரம் நின்றான். மேற்பார்வையாளர் வாக்கிடாக்கியை எடுத்து வாயருகே கொண்டுபோய், எதுவும் பேசாமல் கீழே இறக்கினார். அவன் மறுபடி நகர்ந்தான். மேலே போகப்போக இரண்டு காலும் ஒன்றாகிவிட்டன. எட்டாவது தட்டுக்கு மேல் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சின்ன நீலப் புள்ளி மட்டும்தான். அந்த நீலம் அவள் வெட்டிய துணி.

புள்ளி கூண்டுக்குள் மறைந்தது. இருபத்து மூன்று நிமிடம் ஆகியிருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அந்த நீண்ட இரும்புக் கை, சத்தமில்லாமல், வானத்தைத் தடவுகிற மாதிரி மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரோ சீட்டி அடித்தார்கள்.

வாக்கிடாக்கி கரகரத்தது. தம்பியின் குரல், மூச்சு வாங்கலோடு.

"அண்ணே, கேக்குதா? வேலி ஓரமா ஒரு அம்மா ரொம்ப நேரமா வாயைப் பொளந்துட்டு நிக்கிறாங்க. அவங்களுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லுங்க. கால் வலிக்கப் போகுது."

மேற்பார்வையாளர் சிரித்துக்கொண்டே வாக்கிடாக்கியை வேலிக்கு மேலால் நீட்டினார். எங்கே அழுத்துவது என்று காட்டினார்.

"நான் உட்கார மாட்டேன்," என்றாள் அக்கா. "நீ வேலையைப் பாரு."